சூளையும் மணிக்கோபுரமும்

வலது தோள்மூட்டுக்குள் யாரோ அலவாங்குக் கம்பியை விட்டுக் கிண்டுவது போலிருந்தது. கேதீஸ்வரி மண் தாச்சியை இடப்பக்கம் மாற்றினாள். இடது கை பழகாத கை. தாச்சி சரிந்து சேறு கழுத்தால் வழிந்தது. வேலை தொடங்கி இன்னும் தேத்தண்ணி நேரம்கூட ஆகவில்லை.

கண்டல்துறைப் பிள்ளையார் கோயிலின் மேற்கு வீதியில் அன்னதான மடத்துக்கு அத்திவாரம் வெட்டும் வேலை. மழை விட்டு விட்டுப் பெய்தது. வெட்டிய கிடங்குக்குள் தண்ணீர் ஊறுவதும், அதை இறைப்பதும், அடிமண்ணை அள்ளுவதுமாகக் காலை போனது. அவளுக்கு மனம் அங்கே நிற்கவில்லை. நிமிர்கிற நேரமெல்லாம் நீரேரிப் பக்கம் பார்த்தாள். தண்ணீர் கரைப் புல்லைத் தொட்டுவிட்டது. நீரேரி கடலோடு சேரும் தொண்டைமானாற்றுக் கதவை இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று ஊரெல்லாம் ஒரே கதை. கதவு திறந்தால் மாரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். தண்ணீரோடு இறாலும் போகும். அந்த இழுவைக்குக் குறுக்கே தடி நட்டு வலை கட்டியவன் வருசம் முழுக்கச் சாப்பிடுவான்.

கேதீஸ்வரியும் தடி நட்டுத்தான் இருந்தாள். ஆனால் அவளுடைய இடம் வரிசையில் மேற்குக் கடைசி. வெறும் சேறு. இறால் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. போன மாரிகளில் அகப்பட்டது கறிக்குக் காணும், விற்கக் காணாது. ஊரில் அதற்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள்: புருசன் இல்லாத பொம்பிளை கட்டினால் வலை அப்படித்தான் இருக்கும்.

அலவாங்கு கல்லில் மோதிய சத்தம் கேட்டது. மேசன் குனிந்து கையால் சேற்றை வழித்தான். முருகைக் கல், பழைய சுண்ணாம்புச் சாந்து, சதுரமாகக் கட்டியது. பழைய மணிக்கோபுரத்தின் அடி என்றான். ஷெல் விழுந்து உடைந்ததல்லவா, அதுதான். கல் உறுதியாக இருக்கிறது, மடத்தின் மூலைக்கு உதவும் என்று சந்தோசப்பட்டான்.

கேதீஸ்வரி தாச்சியை வைத்துவிட்டு அந்தக் கல்லில் ஏறி நின்றாள். வடக்கே பார்த்தாள். கரையில் இடிந்த சுண்ணாம்புச் சூளை. அதற்கு நேரே, தண்ணீருக்குள், வரிசையில் அவளுக்கு அடுத்த இடத்துக்காரன் லெனாட்டின் தடிகள்.

அவள் கல்லையும் தடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கண்டல்துறை தண்ணீரால் வந்த ஊர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே ஆயம் வாங்கும் கொட்டில் ஒன்று இருந்ததாம். வன்னிக் காட்டு மரமும் நெல்லும் ஏற்றிவந்த வத்தைகள் அதில் காசு கட்டிவிட்டுத்தான் மேற்கே போகவேண்டும். காசு வாங்கியவன் கொட்டிலுக்குள் இருந்தான். மரம் இறக்கியவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகள்தான் ஊர். பிறகு றோட்டு வந்தது, பாலம் வந்தது, வத்தைகள் நின்றன. இறக்க மரம் இல்லாதவர்கள் சிப்பி அள்ளிச் சூளையில் சுட்டார்கள். சீமெந்து வந்து சூளையையும் படுக்க வைத்தது. கடைசியில் மிஞ்சியது மாரி இறால்.

இறாலுக்கு ஒழுங்கு இருந்தது. கரையோடு வரும் வாய்க்கால் ஊரின் மேற்குக் கோடியில் வடக்கே முடங்கித் திரும்பும். கிழக்கே கல்லுத் தரையிலிருந்து அந்த முடக்கு வரைக்கும் வரிசையாக இடங்கள். ஒவ்வொரு இடமும் ஒரு குடும்பத்துக்கு, சீதனமாகவும் போகும். எழுதி வைத்த வழக்கம் இல்லை. கோடையில் தடியைப் பிடுங்கிவிடுவார்கள், தண்ணீரில் அடையாளம் நிற்காது. அதனால் குறி கரையில் இருந்தது. வள்ளத்தில் போய்ச் சூளைக்கு நேர் பின்னால் மணிக்கோபுரம் மறைகிற இடத்தில் நின்றால், அதுதான் முடக்கு. முதல் தடி அங்கே. மற்றவர்கள் அதிலிருந்து கிழக்கே கயிறு பிடித்து அளந்துகொண்டு போவார்கள். முடக்கு கேதீஸ்வரியின் தகப்பனுடையது. அவளுக்குச் சீதனமாக எழுதாமல் எழுதியது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் தடி நட்ட கையோடு சண்டைக்குப் பயந்து ஊர் எழும்பி ஓடியது. பிறகு அது ஆமிக்காரரின் வலயம். ஆமி விட்டு ஊர் திரும்பியபோது தகப்பனும் இல்லை, புருசனும் இல்லை, கோபுரமும் இல்லை. கனடாக் காசில் புதுக்கோபுரம் எழும்பியது. பழைய இடத்தில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன, மிதிவெடிப் பயம் வேறு. அதோடு காசு தந்தவர்கள் றோட்டால் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றார்கள். கொஞ்சம் கிழக்கே தள்ளிக் கட்டினார்கள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. குறி திரும்பி வந்துவிட்டது என்று வள்ளத்தில் போய்ச் சூளைக்குப் பின்னால் கோபுரத்தை மறைத்துத் தடி நட்டார்கள். பின்னால் நிற்கும் குறி கிழக்கே நகர்ந்தால் தண்ணீரில் கோடு மேற்கே நகரும். வரிசை முழுக்க ஒரு இடம் மேற்கே போனது. கடைசியில் நின்றவள் வாய்க்காலை விட்டுச் சேற்றுக்குள் விழுந்தாள். அவளுடைய முடக்கு லெனாட்டுக்குப் போனது. கிழக்குக் கோடியில் கல்லுத் தரையில் தடி இறங்காமல் மாரடித்த கதிரவேலு நல்ல மண்ணுக்கு வந்துசேர்ந்தார்.

கதிரவேலு கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். கேதீஸ்வரி மேசனிடம் சொல்லிவிட்டு நேரே அவரிடம் போனாள். அரைநாள் சம்பளம் போகும் என்று மேசன் பின்னால் கத்தினான். கதிரவேலு படலைக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றபடி முழுவதையும் கேட்டார். வந்து கல்லைப் பாருங்கோ என்று அவள் கேட்டதற்கு மட்டும், மழைக்குள் என்னத்தைப் பார்க்கிறது என்றார்.

“பிள்ளை, கோபுரம் எங்கை நிக்குதோ அதுதான் குறி. பிள்ளையார் இடம் மாறினால் நாங்களும் மாறத்தான் வேணும்.”

“பிள்ளையார் மாறேல்லை அண்ணை. மேசன்தான் மாத்தினவன்.”

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, தண்ணீர் ஏறி நிற்கும்போது ஒரு வரிசையையே பிடுங்கி நட ஏலுமோ, அடுத்த வருசம் கூட்டத்தில் கதைப்பம் என்றார். அடுத்த வருசம் என்று அவர் சொன்ன விதத்திலேயே அது வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சங்கக் கடனும் இருந்தது, மகளின் படிப்பும் இருந்தது. இன்னொரு மாரி சேற்றுக்குள் நின்றால் வலையை விற்க வேண்டியதுதான்.

லெனாட் கரையில் வள்ளத்துக்குள் நின்ற மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன், வேதக்காரன், வாய்க்காரன். கதையைக் கேட்டதும் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். உங்கடை பிள்ளையாற்றை புண்ணியத்திலை அந்தோனியாற்றை பிள்ளை நான் இவ்வளவு நாளும் முடக்கிலை ராசாவா இருந்திருக்கிறன் என்றான். பிறகு சிரிப்பு நின்றது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். கல் என்ன சொல்லும், கல்லுக்கு வாய் இருக்கோ என்று கேட்டான்.

கல்லை விடு, தண்ணீரைப் பார் என்றாள் அவள். அவளுடைய தகப்பனுக்குக் காட்டுத்தடி வாங்க வழியில்லை. பனஞ்சிலாகை பிளந்து நட்டவர் அந்த வரிசையில் அவர் ஒருவர்தான். ஊர் ஓடின மாரியில் பிடுங்காமல் விட்ட தடிகள். காட்டுத்தடி உக்கிப் போயிருக்கும். பனை உப்புத்தண்ணீரில் இலேசில் உக்காது.

இரண்டு பேரும் இறங்கினார்கள். நெஞ்சுமட்டுத் தண்ணீர். குளிர் எலும்புக்குள் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காலால்தான் தேட வேண்டும். லெனாட் தன் தடிவரிசையோடு பெருவிரலால் சேற்றைக் கிளறிக்கொண்டு போனான். பாதி தூரத்தில் வாய்க்குள் ஒரு தூசணம் சொன்னான். காலைத் தூக்கிக் காட்டினான். உள்ளங்கால் கிழிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்தான். எழும்பியபோது கையில் ஒரு முழக் கட்டை. கறுத்து, நார் நாராக. பனை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குப் பிறகு அவன் தேடவில்லை. கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“நான் உங்கடையைக் களவெடுக்கேல்லை அக்கா. இருத்தின இடத்திலை இருந்தனான்.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லையே.”

“இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? பக்கத்திலை இருக்கிறவனை நான் எழுப்ப ஏலாது. அவன் அங்காலை உள்ளவனை எழுப்ப ஏலாது. கடைசியாக் கதிரவேலண்ணையைக் கல்லிலை ஏத்த வேணும். ஏறுவாரோ?”

ஏறமாட்டார். அது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் தண்ணீருக்குள் நின்றபடியே தங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்தார்கள். தடிகள் நின்ற இடத்தில் நிற்கட்டும். வலையை மட்டும் மாற்றுவது. மாரிக்குக் கதவு இரண்டு மூன்று தரம் திறபடும். ஒரு தரம் திறந்துவிடும் தண்ணீருக்கு ஒருவர் முடக்கில், மற்றவர் சேற்றில். அடுத்த தண்ணீருக்கு மாற்றி.

“முதல் தண்ணி எனக்கு,” என்றாள் கேதீஸ்வரி.

அவன் அவளைப் பார்த்தான். “முதல் தண்ணிதான் கொழுத்த தண்ணி. அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதையுங்கோ.”

“தெரியும். அதுதான் கேட்கிறன்.”

அவன் கட்டையைத் தண்ணீரில் போட்டான். “சரி. ரெண்டாந்தண்ணி என்ரை. மாறக்கூடாது.”

“ஓம்.”

கரையில் அவன் பெண்சாதி றஜனி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எதுக்கு உடன்பட்டியள் என்று கேட்டவள், அவன் சொல்லி முடிக்கமுன்னமே திரும்பி நடந்துவிட்டாள். வலையைக் கழற்றிக் கட்டும் வேலைக்கு அவள் வரவில்லை.

அன்று பின்னேரமே கதவைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடக்கில் தண்ணீர் சுழித்துத் தடிகள் அதிர்ந்தன. தகப்பன் சொல்லிக் கேட்ட அதிர்வு. அவள் சேற்றில் அதைக் கண்டதில்லை. விடிய வலையைத் தூக்க அவளால் ஏலவில்லை. லெனாட்தான் சேற்றிலிருந்து வந்து ஒரு பக்கம் பிடித்தான். அவன் வலையில் கிடந்தது ஒரு சட்டிக்குத்தான். அவளுடையதை வள்ளத்தில் கொட்டக் கொட்டப் பருத்தித்துறை வியாபாரி தராசைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவள் சங்கக் கடனைக் கட்டினாள். கதிரவேலு காசை எண்ணி வாங்கினார், முடக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கே வலையை மாற்றிக் கட்டினார்கள். லெனாட் முடக்கில் வலையைக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வரும் என்று வானொலி சொன்னது. வரவில்லை. கதவை மூடினார்கள். நீரேரி பாதியில் நின்றது. நல்ல தண்ணீர் நிற்கட்டும், கிணறு ஊறட்டும், கதவைத் தொடவேண்டாம் என்று தோட்டக்காரர் பக்கம் கையெழுத்து வைத்து மகசர் கொடுத்தது. மார்கழி வெயிலோடு விடிந்தது. லெனாட் நாள் தவறாமல் தொண்டைமானாற்றுக்குச் சைக்கிளில் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தான். தைப்பொங்கலும் போனது. அந்த மாரியில் இரண்டாந்தண்ணீர் வரவில்லை.

கேதீஸ்வரி ஒரு பெட்டி நிறைய இறால் கருவாடும் கொஞ்சக் காசும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். லெனாட் முற்றத்தில் தடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. றஜனிதான் பெட்டியைப் பார்த்தாள்.

“காசு குடுத்துத் தீர்க்கிற கணக்கோ அக்கா இது? அவர் உங்களிட்டைத் தண்ணியெல்லோ கேட்டவர்.”

“ரெண்டாந்தண்ணி வராததுக்கு நான் என்ன செய்ய?”

“வராதெண்டா முதல் தண்ணியைத் தந்திருக்கலாமே.”

கேதீஸ்வரி பெட்டியைத் திண்ணையில் வைத்தாள். அந்த நேரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டாள். லெனாட் ஒரு வார்த்தை சொன்னான்: “கொண்டு போங்கோ அக்கா.” பெட்டி திரும்பி வந்தது.

கோடை தொடங்கிவிட்டது. நீரேரி வற்றி வெடித்துக் கிடக்கிறது. மடத்துக்குக் கூரை போட்டாயிற்று. பழைய கோபுரத்தின் அடிக்கல் மூலைச் சுவருக்குள் போய்விட்டது. புரட்டாதியில் சங்கக் கூட்டம். வரிசையை மாற்ற விடக்கூடாதென்று கதிரவேலு இப்போதே ஆள் சேர்க்கிறார் என்று கேள்வி. அங்கே அவள் முடக்கை வாங்கியாக வேண்டும், வாங்கிய பிறகு அதில் முதல் வலையை லெனாட்டுக்கு விடவும் வேண்டும். இதை நினைக்கிற நேரமெல்லாம் அவளுக்கு எழும்பி எங்காவது நடக்கவேண்டும் போலிருக்கும். விட மனம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

முடக்கில் ஒரு தண்ணீர். கேதீஸ்வரி அதை லெனாட்டுக்குக் கொடுக்கவேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.