பச்சை ஒயர்

கிளாராவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் சோறு தின்று கைகழுவிப் போன பிறகுதான் வயர்மேன் ரசலையன் வந்தார். கிளாராவின் புருஷன் சிஜோதான் விளித்திருந்தான். திங்கட்கிழமை அவனுக்குக் குவைத்துக்கு விமானம். அதற்குள் அடுக்களையிலிருக்கும் அந்தக் கரிந்த பிளக் பாயிண்ட் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெப்ராளம், ஒரு பதற்றம்.

மகள் ஜிஷா சித்தியோடு கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தாள். கிளாராவின் அப்பா ஏசுஅடிமை அடுக்களை வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக் கடலில் நாற்பது வருஷம் வள்ளம் தள்ளிய மனுஷர், இந்த ஒரு மாதத்தில் பாதியாய் இளைத்துவிட்டார். ஒரு நாளைக்குப் பால் விடாத கட்டன்சாயா ஏழு குடித்த ஆள் அவர். மகள் போன நாளிலிருந்து ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. யார் நீட்டினாலும் தம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்.

காரணம் ஊருக்கே தெரியும். அன்றைக்குக் காலையில் கடலிலிருந்து நனைந்து வந்தவர், "மோளே, ஒரு கட்டன் போடு" என்று கேட்டார். கிளாரா ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, சிஜோ அனுப்பிய ஸ்டீல் கரண்டு கெட்டிலைத் தொட்டாள். அவ்வளவுதான். சத்தம் கேட்டு இவர் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரசலையன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பிறகு திருகைக் கழற்றினார். ஓட்டைக்குள்ளிருந்து கரிந்த தீக்குச்சித் துண்டு ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"பிளக்கை வெட்டிக் களஞ்சிட்டு, ஒயரைத் தீக்குச்சி வச்சுல்லா சொருகியிருக்கு. படிச்ச பிள்ளை இப்படியா செய்யும்? பச்சை ஒயரை மடக்கி டேப் சுத்தி விட்டிருந்ததை நான் அன்னைக்கே பாத்தேன். அது எர்த்தாக்கும். அதைக் குடுக்க வேண்டிய எடத்துல குடுத்திருந்தா, கெட்டிலு கெட்டப்போ பியூஸ் போயிருக்கும். ஆளு போயிருக்காது."

"ஒயரு எப்படிக் கிடந்தா என்ன? சாயா கேட்டது நானாக்கும்," என்றார் ஏசுஅடிமை.

ஒயரை வெட்டச் சொன்னவன் சிஜோ. அது அந்தப் பெரியவருக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. தெரிந்த இன்னொருத்தி கல்லறையில் கிடக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், குவைத்திலிருந்து லீவில் வந்த ஊர்க்காரன் கையில் பால்பொடி டின்னும் சோப்பும் வைத்து அந்தக் கெட்டிலையும் அனுப்பியிருந்தான். பிளக் அந்த ஊர்ச் சதுர முள். நம் வீட்டு வட்ட ஓட்டையில் எப்படி நுழையும்? அதற்கென்று ஒரு கன்வர்ட்டர் எந்தக் கரண்டு கடையிலும் கிடைக்கும், ஒரு நடை போனால் போதும். இந்தப் பாவிக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கே அவள் சாயா போட்டுக் காட்ட வேண்டும். வீடியோ காலில் இருந்துகொண்டே வெட்டச் சொன்னான், சீவச் சொன்னான், தீக்குச்சி வைக்கச் சொன்னான்.

"பச்சையும் மஞ்சளுமா ஒண்ணு கிடக்கே, இதை என்ன செய்ய?" என்று கிளாரா கேட்டாள்.

"அது சும்மா. மடக்கி விட்டிரு."

இத்தனைக்கும் அவன் பார்ப்பது ஏசி மாட்டுகிற வேலை. அங்கே அந்த ஒயரைக் கொடுக்காமல் ஒரு பெட்டியை ஓடவிட்டால் சூப்பர்வைசர் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவான். கம்பெனியில் அவ்வளவு கவனமாக இருந்தவனுக்கு வீட்டில் அது சும்மாவாகிவிட்டது. தண்ணீர் கொதித்ததும் கிளாரா ஆவியைக் கேமராவில் காட்டிச் சிரித்தாள்.

சொல்லிவிட்டால் இந்தப் பெரியவர் முகத்தில் எப்படி முழிப்பது, ஜிஷாவை யாரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறுவது என்று முப்பது நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தான். ரசலையன் புதுப் பாயிண்டை மாட்டி, "இனி மூணு முள்ளுள்ள பிளக்கு மட்டும் போடணும், கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனதும், படியில் கிடந்த அந்த மெலிந்த உருவத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"மாமா, கிளாரா விவரமில்லாம செய்யல்ல. வெட்டவும் சொருகவும் போன்ல சொல்லிக் குடுத்தது நானாக்கும். பச்சை ஒயரை என்ன செய்யன்னு அவ கேட்டா. நான்தான் அது சும்மான்னு பறஞ்சேன். உங்க சாயாவால இல்ல மாமா, என்னாலதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். ஏசுஅடிமை அவன் பக்கம் திரும்பினார்.

"எனக்க மோளு விவரமில்லாம செய்தான்னு ஊரு பறஞ்சப்போ, நீ பக்கத்துல நின்னு கேட்டே."

"ஆமா மாமா."

"நான் சாயா குடிக்காம கிடந்ததையும் பாத்துக்கிட்டு இருந்தே."

"ஆமா."

பெரியவர் சுவரைப் பிடித்து எழுந்து, புதுப் பாயிண்ட் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "அந்தப் பச்சை ஒயரு எதுல போகணும்?"

சிஜோ மேலே இருந்த பெரிய ஓட்டையைக் காட்டினான்.

"இதுலயா?" என்றார். அலமாரியிலிருந்து சாயாப் பாத்திரத்தை எடுத்தார். சிஜோ பதறி எழுந்து அதை வாங்கக் கை நீட்டினான்.

"நீ போடாண்டாம்."

அவரே கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, தேயிலை போட்டு, தம்ளரில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்தார். முதல் மடக்கைக் குடித்துவிட்டு மகளின் பெயரைச் சொல்லி அழுதார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்தார். "நீ திங்கட்கிழமை போ. பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன். ஆனா அவ அம்மையைக் குறை நினைச்சு வளரப்பிடாது. அவளுட்டயும் நீதான் பறையணும்."

ஜிஷா உள்ளே வந்ததும் முதலில் தம்ளரைத்தான் பார்த்தாள். முப்பது நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அப்பா, பாட்டா சாயா குடிக்காரு."

"ஆமா மோளே," என்றான் சிஜோ. "இஞ்ச வந்து இரி. அப்பாவுக்கு உன்னட்ட ஒண்ணு பறையணும்."