மொட்டைப்பாறை தெரிகிறதா

காலை ஆறே முக்காலுக்கு மதுரையிலிருந்து பைலட் கர்ணன் கூப்பிடுவார். "அண்ணே, வரலாமா?" என்பார். நான் "வாங்க" என்பேன், இல்லாவிட்டால் "வேணாம்" என்பேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளம். மேகமலை ஏலக்காய்த் தோட்டத்தில் முப்பது வருஷம் சூப்பர்வைசராகக் கத்திக் கத்தித் தொண்டை கெட்ட சீனிச்சாமிக்கு இப்படி ஒரு உத்தியோகம்.

சுற்றுலா வருகிறவர்களுக்காக ஒரு விடுதிக்காரர் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் போட்ட ஓடுதளம் இது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். விமானம் எட்டுப் பேர் உட்காருகிற, ஒற்றை இன்ஜின் சாமான். இறங்கத் தொடங்கிவிட்டால் மறுபடி மேலே தூக்க இடம் கிடையாது.

அதனால் கர்ணன் முதல் நாளே மூன்று அடையாளம் குறித்துக் கொடுத்தார். கீழே மார்க்கையன்கோட்டைத் தென்னந்தோப்பு, தெற்கே செல்போன் டவர், மேற்கே கேரளப் பக்கம் மொட்டைப்பாறை. மூன்றும் தெரிந்தால் வாங்க. ஒன்று மறைந்தாலும் வேணாம், அன்றைய பயணமே ரத்து. செல்போன் காட்டுகிற வானிலையை நம்பக் கூடாது. தேனியில் வெயிலடித்தால் அது எங்களுக்கும் வெயில் என்றே சாதிக்கும். மொட்டைப்பாறையை விழுங்கிய மேகம் சில நாள் கால் மணி நேரத்தில் ஓடுதளத்தை மூடிவிடும், சில நாள் வந்த வழியே போய்விடும். எந்த நாள் எப்படி என்பது எனக்கும் தெரியாது.

என் மனைவி உமாதேவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் பாண்டிமீனா, சூரியபிரகாஷ் என்ற வேற்றுச் சாதிப் பையனைக் கட்டி மூன்று வருஷம். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ரோஷமாம். ரோஷத்தை வைத்துக்கொண்டு தகரக் கொட்டகையில் ஒருத்தனாய்க் கஞ்சி குடித்தேன். பெண்ணைப் பெற்றவன் வாய் திறந்து அழைத்தால்தானே மறுவீட்டு விருந்துக்கு வருவார்கள்? நான் அழைக்கவில்லை, அவர்களும் வரவில்லை.

போன வாரம் அவளே பேசினாள். கனடாவுக்குக் குடிபோகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரையில் விமானம் ஏறணும். "காலையில கொஞ்ச நேரம் இருக்குப்பா. ஒரு வார்த்தை வாங்கன்னு சொன்னா வந்துட்டுப் போறோம்."

"வாங்காத்தா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா" என்றேன். சொன்ன பிறகு அழுதேன். மலைப் பாதையில் வந்து திரும்ப நேரமில்லை என்று கர்ணனிடம் கெஞ்சி ரெண்டு இருக்கை வாங்கினேன்.

ஞாயிறு விடிவதற்குள் நாட்டுக்கோழி கொதித்துவிட்டது. ஆறரைக்கு வெளியே வந்தேன். தோப்பு தெரிந்தது. டவர் தெரிந்தது. மேற்கே திரும்பினால் மொட்டைப்பாறை இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மேகம் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரிப் பாறை மறைந்த நாட்களில் ஐந்து தடவை "வாங்க" என்று சொல்லியிருக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. விமானம் வராவிட்டால் அன்றைக்கு எனக்கு மனித முகமே கிடையாது. வந்தால் விடுதி ஜீப் வரும்வரை பத்து நிமிஷம், "ஐயா, யானை வருமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்காக ஊர்பேர் தெரியாத எட்டு உயிரை மேகத்துக்குள் கூப்பிட்டேன். ஐந்து தடவையும் மேகம் விலகியது. நானும் பெரிய கெட்டிக்காரன் போல நடந்துகொண்டேன்.

போன் அடித்தது. "அண்ணே, ஒங்க மகளும் மாப்பிள்ளையும் ரெடியா நிக்கிறாக. வரலாமா?"

வாங்க என்று வாய்வரை வந்துவிட்டது.

"வேணாம் கர்ணா" என்றேன்.

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. அந்த நம்பிக்கையை நினைத்து அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு கூசியது.

ஏழரைக்கு மேகம் கழன்று போனது. அப்படி ஒரு வெயில்! பாறையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். எட்டரைக்குப் பாண்டிமீனா கூப்பிட்டாள்.

"அப்பா, விடுதிக்காரக போட்டோ போட்டிருக்காக. அங்கன பளீர்னு வெயிலடிக்குது."

"அப்ப அடிக்கல ஆத்தா. பாறை மறைஞ்சு கெடந்துச்சு."

"எந்தப் பாறை?"

எப்படி விளக்குவது? அவள் இந்த ஓடுதளத்தையே பார்த்ததில்லையே.

"நீங்க வேணாம்னு சொன்னதாலதான் எடுக்கலைன்னு பைலட் சொன்னாக. இவுக புதுச்சட்டை போட்டு அஞ்சு மணிக்கே வந்து ஒக்காந்திருந்தாக" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கப்பா. நாங்க இல்லாம வேற ஆளுக இருந்திருந்தா, வரச் சொல்லியிருப்பீகதானே?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவள் மனசு ஆறியிருக்கும். ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பேசுகிற மகளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆமாத்தா" என்றேன்.

அடுத்த வார்த்தை சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. மற்றவர்களைத் துணிந்து வரச் சொன்ன பாவி, உன்னை வரச் சொல்லப் பயந்தேன் ஆத்தா என்று அடித்துக்கொண்டிருந்த போனிடம்தான் சொன்னேன்.