அறுபத்திரண்டாம் அடி

முல்லைத்தீவின் கரையோரத்தில் மாவீரரை நினைவுகூரும் கார்த்திகை இருபத்தேழாம் நாளின் மாலை இறங்கிக்கொண்டிருந்தது. காலை முழுதும் பெய்து ஓய்ந்த மழையின் நீர் வடலிப் பனைகளின் ஓலைகளிலிருந்து இன்னும் சொட்ட, களப்பு நீரின் மேல் தவழ்ந்து வந்த உப்புக்காற்று சிவப்பும் மஞ்சளுமான தோரணங்களை அலைக்க, சேற்றுப் பாதை வழியே பெற்றோரும் உடன்பிறந்தோரும் கைகளில் மலரும் எண்ணெயும் ஏந்தி, போரில் மாண்ட தம் மக்கள் கிடக்கும் துயிலும் இல்லம் நோக்கி வந்துகொண்டிருந்தனர். இல்லம் என்பது பெயர்தான். அங்கே ஒரு கல்லறையும் இப்போது நிமிர்ந்து நிற்கவில்லை. போர் முடிந்தபின் யாவும் இடித்துத் தள்ளப்பட்டு, உடைந்த துண்டுகள் ஓர் ஓரத்தில் குவிந்துகிடந்தன. ஆகவே வருவோர் முன்னாளில் மனத்தில் இருத்திய கணக்கின்படி, வாசலிலிருந்து காலடி எண்ணியே தம் பிள்ளையின் இடத்தைக் கண்டுகொள்வர்.

நன்னெஞ்சம் உடையீர், அழுக்காறு பிறருடைய மாடத்தையும் அணிகலனையும் கண்டே பிறக்கும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். கொக்கிளாயைச் சேர்ந்த மார்கிறட்டுக்கு அது ஆறடி மண்ணைக் கண்டு பிறந்தது. அவள் மகன் றொமேஸ் இறுதிப் போரில் வீழ்ந்தான் என்ற சொல் வந்தது, உடல் வரவில்லை. கடலில் மாண்ட கணவன் அந்தோனிமுத்துவுக்குச் சேமக்காலை என்னும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவையும் மெழுகுதிரி ஏற்ற ஓர் இடமும் உண்டு. மகனுக்கு ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் ஏற்பாட்டாளர்கள் கனிவோடுதான், "எங்கையாவது ஒரு இடத்தில ஏத்துங்கோ அம்மா" என்பர். அச்சொல் அவளைச் சுடும். வேலியோரத்தில் தன் விளக்கை வைத்துவிட்டு, முரசுமோட்டையிலிருந்து வரும் கமலேஸ்வரியையே அவள் பார்த்து நிற்பாள். அவ்வம்மையார் வாசலிலிருந்து நேரே அறுபத்திரண்டு அடியும், வலப்புறம் ஒன்பது அடியும் எண்ணி நடந்து, தன் மகன் சதீசின் இடத்தில் தடுமாறாமல் அமர்வார். மாண்டோரின் நினைவாகப் பெற்றோருக்கு வழங்கப்படும் தென்னங்கன்றில்கூட அவருடையதற்கு ஓர் ஓலை கூடுதல் என்று மார்கிறட்டின் கண் எண்ணிவிடும்.

இவ்வாண்டு, ஒரு கிழமைக்கு முன் ஊரார் பற்றைப் புதர்களை வெட்டியபோது, கிழக்குப் புறத்தில் பழைய வாசல் தூண்களின் அடித்தளம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது. மார்கிறட் அதை நெடுநேரம் பார்த்து நின்றாள். இன்றைய வாசலோ வடக்கே, புதுச் சாலையை நோக்கி அமைந்தது. அப்படியானால், பழைய வாசலின் கணக்கைப் புது வாசலிலிருந்து கமலேஸ்வரி எண்ணிய அடிகள் யாவும் பிழை. அவர் இத்தனை ஆண்டும் அழுதது வேறு எவனோ ஒருவனின் தலைமாட்டில். இதை உணர்ந்த கணத்தில் மார்கிறட்டின் நெஞ்சில் மகிழ்ச்சி பொங்கியது. அதை நான் மறைக்கமாட்டேன், அவளும் தனக்குத்தானே மறைக்கவில்லை. மீன் அரியும்போதும் செபம் சொல்லும்போதும், அவ்வுண்மையைச் சொல்லப்போகும் வேளையை எண்ணி எண்ணிச் சுவைத்தாள்.

அவ்வேளை இதோ வந்தது. கமலேஸ்வரி அறுபத்திரண்டை முடித்து, ஒன்பதையும் எண்ணி, ஈர மண்ணைக் கையால் தடவி அமர்ந்தார். மார்கிறட் ஏற்றாத தன் விளக்கோடு அருகே சென்று நின்றாள்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். இது உங்கட சதீசின்ர இடமில்லை. பழைய வாசல் கிழக்கால இருந்திருக்கு."

கமலேஸ்வரி தலை நிமிரவில்லை. திரியை எண்ணெயில் நனைத்துக்கொண்டே விடை சொன்னார்.

"தெரியும் தங்கச்சி. மூண்டு வரியமாத் தெரியும், பழைய படமொண்டில வாசலைப் பாத்தனான். அவன் கிடக்கிற இடத்துக்கு மேலால இப்ப றோட்டுப் போகுது."

"அப்ப ஏன் இஞ்ச வந்து ஏத்திறியள்?"

"இதுக்குக் கீழயும் ஒரு பிள்ளை கிடக்குதெல்லோ. ஆர் பெத்த பிள்ளையோ தெரியாது. தாய் செத்துப் போனாவோ, எங்க இருக்கிறாவோ. இவ்வளவு காலம் ஏத்திப்போட்டு, என்ர பிள்ளை இல்லையெண்டவுடன எழும்பிப் போகேலுமோ?"

நாணம் மார்கிறட்டின் முகத்தைச் சுட்டது. அப்போது விளக்கேற்றும் வேளையின் மணி ஒலித்தது. வரிசை வரிசையாக விளக்குகள் எரியத் தொடங்கின. பெயர் சொல்லி அழும் குரல்கள் நாற்புறமும் எழுந்தன.

அவளுடைய பொறாமை அன்றோடு அகன்றது என்று எழுதினால் அது பொய். இப்போது அவள் கமலேஸ்வரியின் மண்ணுக்காக ஏங்கவில்லை. தனக்கு வாய்க்காத அந்த மனத்துக்காக ஏங்கினாள். ஆயினும் வேலியோரத்திற்கு அவள் திரும்பிச் செல்லவில்லை. விளக்கின்றி இருண்டு கிடந்த ஓரிடத்தில், காலடி எதுவும் எண்ணாமல், முழந்தாளிட்டுத் தன் விளக்கை ஏற்றினாள். எங்கோ ஒரு நிலத்தில், அடியைப் பிழையாக எண்ணிய ஒரு தாய், தன் மகன் என்றே நம்பி, றொமேசின் மேலும் இந்நேரம் விளக்கேற்றிக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவள் நெஞ்சு கேட்டது.