குருவம்மாளுக்கு நினைவில்லை

குருவம்மாளுக்கு நினைவில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குப் பதிவாயிற்று. அப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் கட்டைப்பை தொங்கியது. வாயில் பாக்கு இருந்தது.

நடந்தது இதுதான். அந்த ஊரில் தூக்கம் வராதவர்கள் உறக்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. நாம் எல்லாரும் ஏதாவது ஒரு காரணத்தை எவனிடமாவது போய்ச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? குருவம்மாள் மாவு மில் நடத்துகிறவள். மிளகாய் அரைத்து அரைத்துத் தும்மலே மறந்தவள். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ரகசியம் சொன்னால்கூட மூன்றாவது தெருவுக்குக் கேட்கும். அவள் மில்லை அரை நாள் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

எழுத்தர் மேசைக்குப் பின்னால் இல்லை. மேசையின் இழுப்பறைக்குள் இருந்தார். மார்பு வரைக்கும் வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே அவருக்கு வேலை இல்லையாம்.

"கடைசியா எப்பத் தூங்குனீங்க?" என்று கேட்டார்.

"ஞாபகமில்ல சார்."

வேறொருவராக இருந்தால் அதை அப்படியே எழுதியிருப்பார். காரியம் முடிந்திருக்கும். இந்த மனிதருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். ஞாபகம் வடசொல் என்று அதைத் தொடவே மாட்டார். பேரேட்டில் அழகான கையெழுத்தில், "நினைவில்லை" என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். திடுக்கிட்டுப் போனார்.

"ஐயையோ! இவங்களுக்கு நினைவில்லையே!"

"யாருக்கு?" என்றாள் குருவம்மாள்.

"உளறல் உண்டு" என்று பக்கத்துக் கட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

"ஏங்க, எப்பத் தூங்குனேன்னு ஞாபகமில்லன்னுதான சொன்னேன்! நான் முழிச்சிட்டுத்தான இருக்கேன்!"

"ரெண்டுக்கும் ஒரே சொல்தான்" என்று எழுத்தர் சுவரைப் பார்த்துச் சொன்னார். நினைவில்லாதவர்களிடம் முகம் கொடுத்துப் பேசக் கூடாது என்று விதி இருந்தது. சொல்லிவிட்டு இழுப்பறையை உள்ளிருந்தே சாத்திக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சர் தானாகவே வந்தது. வந்து அவள் முழங்காலை முட்டியது. அவள் ஏறவில்லை. ஏறுவாளா? நடந்தாள். அது காலியாகப் பக்கத்திலேயே வந்தது.

வராந்தா நாற்பதடி இருக்கும் என்று நினைத்தாள். நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போயிற்று. போகிற வழியில் இரண்டு முறை மத்தியானம் ஆனது. இரண்டு பக்கமும் கட்டில்கள். கட்டில்களில் ஆட்கள். எல்லாரும் தூங்கினார்கள், எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் மூக்கின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து ஆற அமர எதையோ தின்றுகொண்டிருந்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் அமைதி ஊசி போட்டவர்கள். மனிதனைத் தூங்கவிடாமல் செய்வது கோபம் என்று அந்த அலுவலகம் கண்டுபிடித்திருந்தது. ஊசி கோபத்தை எடுத்துவிடும். மிச்சமிருப்பது தானாகத் தூங்கிவிடும்.

கடைசிக் கட்டில் டாக்டரின் அறைக்குள் காலியாக இருந்தது. அதன் தலைமாட்டில் அவள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். பசை காய்ந்து பல நாளாகியிருந்தது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தார். திறந்தால் தன் தூக்கம் கலைந்துவிடும் என்றார்.

"பேரென்ன?"

"குருவம்மா."

"தூக்கத்துல பேசுது" என்றார் டாக்டர். அவருடைய மேசையின் இழுப்பறை திறந்தது. அதே எழுத்தர்தான். எழுதிக்கொண்டார்.

டாக்டர் அவள் கையைக் கிள்ளினார். அவள் பதிலுக்கு அவரைக் கிள்ளினாள், நன்றாகத் திருகி.

"அனிச்சைச் செயல்" என்றார். "ஊசி போட்டுறலாமா?"

"வேண்டாம்."

"பாத்தீங்களா! நினைவோட இருக்கிறவங்க யாரும் இங்க வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. சரின்னுதான் சொல்வாங்க."

"நான் சரின்னு சொன்னா?"

"அப்பப் போட்டுறலாம்."

குருவம்மாளுக்கு ஆத்திரமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இதை மறைக்க என்ன இருக்கிறது? அந்த ஊசி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் சீனிச்சாமிக்குப் போன பங்குனியில் போட்டார்கள். அதற்கு முன்னால் அவர் ஆளே வேறு. டீயில் சர்க்கரை குறைந்தால் கடையின் கூரை ஆடும். வெயில் அதிகமென்றால் வெளியே வந்து சூரியனையே நாலு கேள்வி கேட்பார். ஊசிக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டுச் சுவரை அவர் இடத்துக்குள் தள்ளிக் கட்டினான். அளவு நூலின் இந்த முனையைப் பிடித்துக்கொடுத்தது அண்ணன்தான். சுவர் வளர்ந்து இப்போது அவர் கட்டிலையும் தாண்டிவிட்டது. தினமும் அவருடைய பாதி உடம்பு பக்கத்து வீட்டில் தூங்குகிறது. குளிராக இருக்கிறதா என்று கேட்டால், இந்தப் பக்கம் இல்லை என்கிறார்.

குருவம்மாளிடம் சொந்தமாக இருப்பது அவளுடைய கோபம்தான். புருஷன் போன பிறகு மில்லை இழுத்து மூடச் சொன்ன பங்காளிகளை அதைக்கொண்டுதான் விரட்டினாள். காலையில் எழுந்ததும் தான் தான்தான் என்று அவளுக்குச் சொல்வதும் அதுதான். அதைக் கொடுத்துவிட்டுத் தூங்குவதைவிடத் தூங்காமலேயே இருந்து தொலையலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

"நினைவில்லாதவங்களுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார் டாக்டர். மருந்து அலமாரியைத் தட்டினார். கதவைத் திறந்துகொண்டு சீனிச்சாமி வெளியே வந்தார். வேட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்ன தாயி, நல்லாருக்கியா?" என்றார்.

"அவங்ககிட்டப் பேசாதீங்க" என்றார் டாக்டர்.

"சரி."

"இதுல கையெழுத்துப் போடுங்க."

"சரி."

"அண்ணே, போடாதண்ணே!"

"சரி தாயி."

"போடுங்க சார்."

"சரி."

பேனா இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. இப்படியே ஒரு மத்தியானம் போயிற்று. அண்ணனுக்கு யாரையும் மறுக்க முடியவில்லை. பாவம், மறுக்கிற இடத்தைத்தான் எடுத்துவிட்டார்களே. கடைசியில் டாக்டர் கொஞ்சம் பஞ்சை உருட்டி, குருவம்மாள் நின்ற பக்கத்துக் காதில் அடைத்தார். சீனிச்சாமி கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போடுகிறவர். இப்போது மை ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு கோடு. அதைப் பார்த்ததும் குருவம்மாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊசியை நினைத்து அல்ல, அண்ணனை நினைத்து. அழுகை அரை நிமிஷம்தான். அதன் பின்னாலேயே கோபம் வந்து சேர்ந்தது.

டாக்டர் ஊசியைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் மூடிய கண்ணால் பார்த்தார்.

"டாக்டரே, ஒரு சந்தேகம்" என்றாள் குருவம்மாள். "நெனவில்லாத ஆளு கடிக்குமா?"

"கடிக்காது."

கடித்தாள். மணிக்கட்டில், பல் பதிய. பாக்குக் கறையும் ரத்தமும் சேர்ந்து இறங்கின.

"என்னை யாரோ கடிச்சிட்டாங்க" என்றார் டாக்டர்.

இழுப்பறை திறந்தது. "யாரு?" என்றார் எழுத்தர். "இந்த அறையில நினைவில்லாத ஒருத்தங்க, ஊசி போட்ட ஒருத்தர், நீங்க. நீங்களே கடிச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல."

"அப்பக் கடி விழல" என்று எழுதிக்கொண்டார் எழுத்தர்.

"சரி" என்றார் டாக்டர். ரத்தம் அவர் செருப்பில் சொட்டியது.

குருவம்மாள் அவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள். எவரும் தடுக்கவில்லை. தடுத்தால், எதைத் தடுத்தோம் என்று எழுத வேண்டும். தன் பெயர் ஒட்டிய மெத்தையில் ஊசியைச் செருகி, மருந்து தீரும்வரை அழுத்தினாள். கட்டிலின் நாலு காலும் தளர்ந்தன. அது தரையோடு படுத்துக் குறட்டை விட்டது. ஸ்ட்ரெச்சர் பயந்துபோய் வராந்தாவில் ஓடியது. அவள் அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எட்டாய்க் கிழித்து எழுத்தரின் இழுப்பறைக்குள் போட்டாள். எழுத்தர் அதைக் காற்று என்று பதிவு செய்தார்.

அண்ணன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள். "வாண்ணே, போவோம்."

"சரி தாயி."

திரும்பும்போது வராந்தா பத்தடிகூட இல்லை. வாசலில் காவலாளி குச்சியை நீட்டினார்.

"வெளிய போற சீட்டு?"

"சீட்டு யாருக்குக் குடுப்பாங்க?"

"நினைவுள்ளவங்களுக்கு."

"எனக்கு நெனவில்ல. உள்ள பேரேட்டுல பாருங்க."

காவலாளி யோசித்தார். "அப்ப நீங்க வெளிய போகலையே?"

"போகல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அண்ணனுக்குச் சீட்டுத் தேவைப்படவில்லை. ஊசி போட்டவர்கள் எங்கும் போகலாம், அவர்கள் எங்கும் போக மாட்டார்கள் என்பதால்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். முதல் பஸ் நிற்காமல் போயிற்று. டிரைவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்களும் அப்படித்தான், நின்றபடியே.

"யோவ்! ஆளு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலியா?" என்று குருவம்மாள் கத்தினாள். மில் குரல். மரத்திலிருந்த குருவிகள் எழுந்து போயின. பஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சீனிச்சாமி அதற்குக் கையசைத்துச் சிரித்தார்.

"அதுக்கு ஏண்ணே கையாட்டுற? நிக்காமப் போறான்!"

"சரி" என்றார்.

இரண்டாவது பஸ்ஸும் நிற்கவில்லை. குருவம்மாள் நடு ரோட்டுக்கு வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பஸ் அவளைச் சுற்றி வளைந்து, சீனிச்சாமியின் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று.

அவர் குனிந்து பாதத்தைப் பார்த்தார். அது தோசை மாதிரித் தட்டையாகிவிட்டிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. அப்புறம் அதன் ஒரு ஓரம் மட்டும் கீழே இறங்கியது.

"எரு..." என்றார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தாயி."

"இல்ல. என்னமோ சொன்ன. சொல்லு."

சீனிச்சாமி இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். அலுவலகத்தின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

"எருமை" என்றார், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் தெருக்கோடிக்குப் போய்விட்டிருந்தது. குருவம்மாள் அவர் கையைப் பிடித்து வாயிலிருந்து விலக்கினாள்.

"அவனுக்குக் கேக்கலண்ணே" என்றாள். "இன்னும் சத்தமா."