கூரையைப் பிரித்த வீடு

பிரெஞ்சுப் படைக்குப் பயந்து லிஸ்பன் அரண்மனையே கப்பலேறி எங்கள் ரியோவுக்கு வந்து இறங்கியது. ஓடி வந்தவர்கள்தான், ஆனால் தோரணையில் குறைச்சல் இல்லை. ஒரு கதவில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டெழுத்து எழுதினால் போதும், மறுநாளுக்குள் வீட்டைப் பிரபுக்களுக்கு விட்டுவிட வேண்டும். எங்கள் தெருவில் ஏழு கதவு போயிற்று. எட்டாவது எங்களுடையது. உள்ளே என் மகள் ஃபெலிசார்தாவுக்கு நிறைமாதம்.

கட்டி முடியாத வீட்டை எடுப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். என் கணவர் பொனிஃபாசியோ ஏணியைச் சாத்தினார்.

"ஏன்யா, மழைக்காலத்துல முன்கூடத்து ஓடெல்லாத்தையும் பிரிக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா?"

"பொண்ணு தெருவுல கிடந்து பெத்துக்கட்டுமா? பேசாம ஓடுகளை வாங்கி அடுக்குடி!"

அடுக்கினேன். கடைசி வரிசையில் ஃபெலிசார்தாவுக்கு வலி எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியோடு அரண்மனை அதிகாரியும் வாசலில். பெண் முனகினால் வீட்டில் ஆள் குடியிருப்பது தெரிந்துவிடும். அவள் தன் பின்னலை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "கட்டி முடியலையா?"

"காரைக்கு ஆள் கிடைக்கலைங்க ஐயா" என்றேன்.

போய்த் தொலைய வேண்டியதுதானே? அந்த மனுஷன் செங்கல் குவியலில் சாவகாசமாக உட்கார்ந்தார். "கப்பல்ல மூணு மாசம் புழுத்த ரொட்டிம்மா. திங்க ஏதாவது இருக்கா?"

தேங்காய் மிட்டாய் கொடுத்தேன். ஒன்று தின்றார். இன்னொன்று கேட்டார். மூன்றாவதைக் கடிக்கும்போது உள்ளே குழந்தை வீல் என்று கத்தியது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் எழுந்து பின்கட்டை எட்டிப் பார்த்தார். அங்கே கூரை ஒழுங்காக இருந்தது. சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, பையிலேயே போட்டுக்கொண்டார்.

"கூரை முடிஞ்சதும் வந்து எழுதுறேன். வருஷா வருஷம் வருவேன், அவசரப்பட்டு முடிச்சுடாதீங்க."

சொன்ன சொல் மாறாமல் வருடந்தோறும் வந்தார், மிட்டாய் தின்றார், போனார். நாங்களும் அவசரப்படவில்லை. முன்கூடத்தில் மழை, வெயில், பல்லி, பக்கத்து வீட்டுக் கோழி. அரண்மனை இன்று போகும் நாளை போகும் என்று பொனிஃபாசியோ தினமும் துறைமுகம்வரை போய்ப் பார்த்து வருவார். ஐந்தாவது வருடத்து மழையில் பிடித்த சளி அவரைக் கொண்டுபோயிற்று.

வந்து இறங்கிப் பதின்மூன்று வருடம் கழித்துத்தான் ராஜா லிஸ்பனுக்குத் திரும்பினார். அடுக்கி வைத்த ஓட்டில் ஒன்றுகூட உடையவில்லை. ஃபெலிசார்தா ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஓடு வேய நானே ஏறினேன்.

மேலிருந்து கப்பல்கள் தெரிந்தன. அவை மறையும்வரை வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு, "போயிட்டாங்கய்யா" என்று என் பொனிஃபாசியோவிடம் சொல்லி அழுதேன்.