பெல்ட் வைத்த சுவர்

பூச்சைப் பெயர்த்ததும் எங்கள் வீட்டுப் பின்சுவர் நாறியது. செத்த எலியும் ஊறிய செங்கல்லும் சேர்ந்த நாற்றம். வீட்டை எனக்கு விற்ற புண்ணியவான் களிமண்ணை வைத்துக் கட்டி, மேலே மட்டும் மொழுமொழுவென்று சிமெண்ட் பூசியிருக்கிறார். இடுக்குகளில் தேங்காய் நார், புகையிலைப் பாக்கெட், யாரோ துப்பிய வெற்றிலை. வாங்கும்போது அதே சுவரைத் தட்டிப் பார்த்து, "சும்மா கிண்ணுனு இருக்கு" என்ற மேதை நான்தான்.

அந்தச் சுவர்மேல்தான் கூரையைத் தாங்கும் இரும்பு கர்டரின் ஒரு முனையை உட்கார வைத்து, பின்பக்கம் ஓர் அறை இழுக்கவேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவின் தையல் மிஷினுக்கு. கிறிஸ்துமஸ் துணிகள் வந்து குவிவதற்குள் முடித்துத் தருவதாக அவளிடம் வீரம் பேசியிருந்தேன்.

"பூசிட்டா ஒண்ணும் தெரியாதுங்க சார்," என்றார் மேஸ்திரி செங்குட்டுவன்.

கர்டர் முனைக்கு அடியில் கான்கிரீட் கட்டை வார்ப்பதுதான் முறை. நானோ நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்ப்பவன். எங்கள் வீட்டு மிதியடியிலிருந்து பைக் சீட்டுவரை தேய்ந்த பெல்ட் துண்டுதான்.

"ரெண்டு மடிப்பு பெல்ட்டு வைங்க மேஸ்திரி. மலை மலையா மண்ணு சொமந்த ரப்பரு."

வைத்தார். கர்டரைத் தாங்கிய முட்டுக்கம்பியை லேசாகத் தளர்த்தினார். பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் கீழிருந்த செங்கல் ரவை மாதிரிக் கொட்டியது. பின்னாலேயே கறுப்பாக ஏதோ வழிந்தது.

அந்த நேரம் பார்த்து, மிஷினை எங்கே போடலாம் என்று அளவு நாடாவும் கையுமாக ஸ்டெல்லா கர்டருக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"ஏய், வெளிய வாடி!" பாய்ந்து இழுத்தேன். மேஸ்திரி பதறிப்போய்க் கம்பியை இறுக்கினார்.

ஸ்டெல்லா மேலே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கர்டரு பர்மனென்ட்டு, செவுரு காண்ட்ராக்ட்டு. நடுவுல சூப்பர்வைசர் கணக்கா ஒரு ரப்பரு. இதான் உங்க மூளையாங்க?"

"இடிச்சிட்டு அடியிலேர்ந்து கட்டணும். கிறிஸ்துமஸ் தாண்டிடும் ஸ்டெல்லா."

அவள் அளவு நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போவல மேடம். சூப்பரா பூசிக் குடுத்துடறேன்," என்றார் செங்குட்டுவன்.

ஸ்டெல்லா ஒரு செங்கல்லை அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போய்விட்டது.

"ச்சீ!" கையை உதறிவிட்டு, கீழே கிடந்த சம்மட்டியைக் காலால் மேஸ்திரி பக்கம் தள்ளினாள். "எங்கேர்ந்து ஆரம்பிக்கப் போறீங்க?"