பல்லுக்கும் வயிற்றுக்கும் ஒரே மாத்திரை

இந்தக் காலத்து டாக்டர்களுக்கு எந்த நோவைச் சொன்னாலும் கையில் ஒரே பதில்தான் இருக்கிறது என்று தம்பானூர் மருந்துக்கடை வாசலில் நின்று சலித்துக்கொண்டிருந்தார் ஞானையன். போன மாதம் மனைவி ராகேலுக்கு வயிற்றில் அமீபா என்று மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். இன்று ஞானையனுக்கே ஈறு வீக்கம். அதற்கும் அதே மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை பேத்தி கல்யாணத்தில் ஒரு பெக்கு போட்டுவிட்டு ஆட்டெலும்பு கடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

"பல்லும் வயிறும் ஒண்ணா மக்ளே?"

கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் ரெம்யா சிரித்தாள். "இடந்தான் வேற, பாட்டா. ரெண்டு கிருமியும் காத்து இல்லாத இடத்துல பிழைக்கிற சாதி. காத்து உள்ள இடத்துல இந்த மருந்து சும்மா கிடக்கும். அதுகளுக்குள்ள போனாத்தான் முழிச்சு, அதோட டிஎன்ஏயை அறுத்துப்போடும். பின்ன, மாத்திரை தீருற வரைக்கும் குடி கூடாது, கேட்டியளா."

ஞானையனின் முகம் சுருங்கியது. "அப்ப காத்துதான அதுக்கு ஆகாது?"

"ஆமா."

"பின்ன என்னத்துக்கு மாத்திரை? காத்து ஓசியில கிடைக்குதே."

"ஈறுக்கடியில காத்து போகாது, பாட்டா!"

"நீ விக்க இருக்கவ. அப்படித்தான் சொல்லுவ."

மாத்திரையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வாயை ஆவென்று திறந்தபடி, காற்றுக்கு எதிராக நடந்தார்.